வேப்ப மரம் கடந்த கடல்

குருவிகுளத்துக் கரிசல் காட்டில் கப்பல் பேச்சு எதற்கு என்பீர்கள். கடல் பார்க்கத் தூத்துக்குடி வரையல்லவா போகவேண்டும்! ஆனால் இங்கே நிழல் தரும் வேம்பைப் பாருங்கள். இதே வேம்பில்தான் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ஒரு பாய்க்கப்பல் கட்டினார்கள். 89 அடி நீளம். பெயர் அன்னபூரணி அம்மாள்.

வாங்கியவர், முன்பே சிறு படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் ராபின்ஸன். வாங்கினால் போதுமா? கொண்டுபோய் விடவேண்டாமா? தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் எல்லாம் தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தில் சேர்த்துவிட்டார்கள். புக்ககம் போன பெண்ணுக்குப் பெயரும் மாறிற்று: 'ஃபுளோரன்ஸ் ஸி. ராபின்ஸன்'. எஜமானரின் மனைவி பெயராம்!

சேர்த்த பிறகு பராமரிப்பு இருக்கிறதே, அது நம் அடுக்களைக் காரியம் மாதிரி. உப்புநீர் மரத்துக்குப் பகையல்ல. ஊறுகாயைக் காப்பதுபோல் காக்கும். தளத்தில் தேங்கும் மழைத் தண்ணீர்தான் பலகையை இற்றுப்போகச் செய்யும். பருத்திப் பாயை ஈரத்தோடு சுருட்டினால், ஈரப் புடவை மாதிரி பூஞ்சணம் பூத்துவிடும். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கவேண்டும். எல்லாம் தண்டையலுக்கு அத்துப்படி. அவர் ஊர் திரும்பிய பின்?

பலகை ஒன்று பழுதானால் மாற்றுவதற்கு, அந்தப் பனி கொட்டும் ஊரில் வேப்ப மரம் ஏது?