எத்தனை பாடி போதும்?

ஒரே கேமராவோடு தொடங்கும் புகைப்படக்காரரிடம் சில ஆண்டுகளில் மூன்று, நான்கு பாடிகள் சேர்ந்துவிடுகின்றன. முதலில் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர்., பறவைகளுக்காக வாங்கிய வேகமான பாடி, நிலக்காட்சிக்கு ஒரு ஃபுல் ஃபிரேம், பயணத்துக்குச் சிறிய மிர்ரர்லெஸ் என ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தின் நியாயமான தேவைக்காகவே வாங்கப்பட்டிருக்கும். புதியது வரும்போது பழையதற்குச் சொற்ப விலையே கிடைப்பதால் அதுவும் அலமாரியில் தங்கிவிடுகிறது. இவற்றை ஒன்றிரண்டாகக் குறைக்கலாமா என்று முடிவு செய்ய, எந்தப் பாடி எந்த வேலைக்கு இருக்கிறது, அந்த வேலையை மற்றொன்றால் செய்ய முடியுமா என்ற கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிலிம் காலத்தில் பல பாடிகள் வைத்திருக்க வலுவான காரணம் இருந்தது. 35 மி.மீ. கேமராவில் ஒரு சுருளைப் போட்டுவிட்டால் அதன் 36 படங்களும் முடியும்வரை பிலிமின் வேகமும் மாறாது, நிறத்தன்மையும் மாறாது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஒரு பாடியில் கறுப்பு வெள்ளையும் இன்னொன்றில் கலரும் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். டிஜிட்டலில் ஐ.எஸ்.ஓ.வைப் படத்துக்குப் படம் மாற்றலாம். கறுப்பு வெள்ளையா கலரா என்பதைப் பிறகு கணினியில் முடிவு செய்யலாம். 2008இல் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 ஆகியவை வந்தபின் வீடியோவும் அதே பாடிக்குள் வந்துவிட்டது. ஆகவே இன்று ஒன்றுக்கு மேற்பட்ட பாடி தேவைப்படுவதற்கு நான்கு காரணங்களே மிஞ்சுகின்றன: சென்சாரின் அளவு, எடுக்கும் வேகம், ஒரே நேரத்தில் இரண்டு லென்ஸ் கையில் இருக்க வேண்டிய கட்டாயம், பழுதுக்கான மாற்று.

சென்சார் விஷயத்தில் நிக்கானின் டி500, டி850 இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். 2016இல் வந்த டி500 கிராப் சென்சார் கொண்டது, 20.9 மெகாபிக்சல். அடுத்த ஆண்டு வந்த டி850 ஃபுல் ஃபிரேம், 45.7 மெகாபிக்சல். தொலைவில் இருக்கும் பறவைக்குக் கிராப் பாடியே உகந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் டி850இன் நடுப்பகுதியை மட்டும் கிராப் அளவுக்கு வெட்டினால் சுமார் 19 மெகாபிக்சல் கிடைக்கிறது. இரண்டு சென்சார்களிலும் பிக்சல்களின் நெருக்கம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒரே லென்ஸில் ஒரே தூரத்திலிருந்து எடுத்தால் பறவையின் உடலில் பதியும் விவரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நிலக்காட்சிக்கு முழுச் சட்டகமும், பறவைக்கு அதன் நடுப்பகுதியும் என ஒரே பாடி இரண்டு வேலைகளைச் செய்துவிடும்.

மிஞ்சுவது வேகம். டி500 விநாடிக்கு 10 படங்கள் எடுக்கும்; டி850 7 எடுக்கும். பேட்டரி கிரிப்பும் அதற்குரிய பெரிய பேட்டரியும் சேர்த்தால் 9 ஆகும். கிளையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 7 தாராளம். அது தண்ணீரில் பாயும் நொடிக்கு 10 படங்களும் வேண்டியிருக்கும். பாய்ச்சலையே முக்கியமாக எடுப்பவருக்கு டி500ஐ விடாமல் வைத்திருக்கக் காரணம் இருக்கிறது. எப்போதாவது எடுப்பவருக்கு இல்லை. ஒரே இரண்டு பாடிகளைப் பற்றி இருவர் நேர்மாறான முடிவுக்கு வந்தாலும் இருவர் முடிவும் சரியாகவே இருக்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு லென்ஸ் வேண்டும் என்ற காரணத்தை எந்தத் தொழில்நுட்பமும் இன்னும் நீக்கவில்லை. திருமணப் புகைப்படம் இதற்கு நல்ல சான்று. கெட்டிமேளம் தொடங்கியதும் மாப்பிள்ளை குனிந்து தாலி கட்ட, நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போட, நாலா பக்கமிருந்தும் அட்சதை விழுகிறது. எல்லாம் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு தோளில் 24-70 மி.மீ. லென்ஸ் மாட்டிய பாடி, மறு தோளில் 70-200 மி.மீ. மாட்டிய பாடி இருந்தால் மேடை முழுவதும் மழையாக விழும் அட்சதையும் கிடைக்கும், மணப்பெண்ணின் முகமும் கிடைக்கும். ஒரே பாடியில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதற்குள் அந்தக் கணம் கடந்துவிடும். ஹோமப் புகையும் அட்சதைத் தூளும் மிதக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தூசி படியும் ஆபத்தும் உண்டு. இங்கே இரண்டாவது பாடியை உபரி என்று சொல்ல முடியாது.

பழுதுக்கான மாற்றும் அப்படியே. காசு வாங்கிக்கொண்டு திரும்ப நடக்காத ஒரு நிகழ்வை எடுப்பவர் ஒரே பாடியோடு போவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி. இரண்டு கார்டு இடங்கள் உள்ள பாடியில் ஒரு கார்டு கெட்டாலும் மற்றதில் படங்கள் பத்திரமாக இருக்கும். ஆனால் ஷட்டரே நின்றுபோனால் இரண்டு கார்டுகளாலும் பயனில்லை. தனக்காக மட்டும் எடுப்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. நீண்ட பயணத்துக்குப் போகும் சமயத்தில் மட்டும் ஒரு பாடியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குறைப்பது என்று முடிவானால் அடுத்துப் பார்க்க வேண்டியது மவுண்ட். பாடியின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரியும். நல்ல லென்ஸோ பல பாடிகளைத் தாண்டி உழைக்கும். எனவே எந்தப் பாடியை வைத்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் லென்ஸ்களே தீர்மானிக்கின்றன. கேனானின் இ.எஃப். மவுண்ட் 1987இல் வந்தது, மிர்ரர்லெஸ்ஸுக்கான ஆர்.எஃப். 2018இல் வந்தது. பழைய இ.எஃப். லென்ஸ்களை அடாப்டர் வழியாகப் புதிய பாடிகளில் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் நன்றாகவே வேலை செய்கிறது. இடையில் வந்த இ.எஃப்.-எம். வரிசையின் லென்ஸ்களை ஆர்.எஃப். பாடியில் மாட்ட வழியில்லை. அந்த வரிசையையே கேனான் கைவிட்டுவிட்டதால், அதை வைத்திருப்பவர் முதலில் கழிக்க வேண்டியது எது என்று தயங்க வேண்டியதில்லை.

நிக்கானில் ஒரு நுட்பம் உண்டு. 1959இல் தொடங்கிய எஃப் மவுண்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், 2018இன் இசட் மவுண்டில் அது 16 மி.மீ. இடைவெளியை அடாப்டர் நிரப்பிவிடும் என்பதால் எஃப் லென்ஸ் இசட் பாடியில் பொருந்தும். இசட் லென்ஸ் எஃப் பாடியில் பொருந்தாது. மோட்டார் உள்ள ஏ.எஃப்.-எஸ். லென்ஸ்கள் நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் தாமாகவே ஃபோகஸ் ஆகும். மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி. லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த அடாப்டரில் திருப்பு மோட்டார் இல்லை. ஏ.எஃப்.-டி. லென்ஸ்களையே நம்பியிருப்பவர் டி.எஸ்.எல்.ஆர். பாடியை விற்றால் லென்ஸின் பாதிப் பயனையும் சேர்த்து விற்றவராவார்.

பல பாடிகளை வைத்திருப்பதில் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டு. இரண்டு நிறுவனப் பாடிகள் என்றால் இரு வகை பேட்டரி, இரு வகை சார்ஜர், சில சமயம் இரு வகை கார்டு. லென்ஸை முறுக்கி மாட்டும் திசைகூட நிக்கானில் ஒரு பக்கம், கேனானில் மறுபக்கம். கண்ணை எடுக்காமலே ஐ.எஸ்.ஓ.வை மாற்றப் பழகிய விரல், அடுத்த பாடியில் பொத்தானைத் தேடும். தேடும் நேரத்தில் படம் போய்விடும். தோலின் நிறம் இரண்டிலும் ஒன்றுபோல வராததால் ஆல்பத்துக்கு முன் நிறத்தைச் சமன்செய்யும் வேலை கூடுகிறது. கடிகாரம் இரண்டு நிமிடம் முன்பின்னாக இருந்தாலே படங்களை வரிசைப்படுத்தும்போது ஆசீர்வாதம் தாலி கட்டுக்கு முன்னால் வந்துவிடும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிப் பாடிகள் இரண்டு இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே அடியில் தீர்ந்துவிடும்.

பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் இலவசமல்ல. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், மூடிய பைக்குள் கிடக்கும் லென்ஸிலும் வியூஃபைண்டரிலும் பூஞ்சை பிடிக்கும். பேட்டரி முற்றிலும் வடிந்தபடி மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் டிரை கேபினெட்டும், அவ்வப்போது வெளியே எடுத்து இயக்கிப் பார்க்கும் கவனமும் ஒவ்வொரு பாடிக்கும் தேவை. அந்தக் கவனத்தைத் தர முடியாத அளவுக்குப் பாடிகள் சேர்ந்துவிட்டால், அவற்றை உழைக்கவைக்கும் ஒருவரிடம் கொடுப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

முடிவெடுக்க நினைவை நம்ப வேண்டாம். ஒவ்வொரு டிஜிட்டல் படத்திலும் எந்தப் பாடி, எந்த லென்ஸ், எந்தக் குவியத்தூரம் என்ற விவரம் பதிந்திருக்கிறது. லைட்ரூம் போன்ற மென்பொருளில் கடந்த ஓராண்டின் படங்களைப் பாடிவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். எடுத்த படங்களை எண்ணுவதைவிட, தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்ட படங்களை எண்ணுவது சரியான விடை தரும். ஐயம் நீடித்தால் சந்தேகத்துக்குரிய பாடியைச் சில மாதங்கள் எடுக்காமல் வைத்துப் பார்க்கலாம். அதைத் தேடிப் போன வேலை எது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பேட்டரி இல்லாமலே ஷட்டர் இயங்கும் நிக்கான் எஃப்.எம்.2 போன்ற பிலிம் பாடிகளும், அப்பா வைத்திருந்த கேமராவும் இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றை வைத்திருக்கப் பாசமே போதும்.

விற்பதில் ஒழுங்கு முக்கியம். புதிய பாடி வாங்குவதானால் அதைச் சொந்த லென்ஸ்களோடு, சொந்த வெளிச்சத்தில், ஒரு முக்கியமில்லாத வேலையில் சோதித்த பிறகே பழையதை விட வேண்டும். விற்கும் பாடியின் ஷட்டர் கவுண்ட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். டி850இன் ஷட்டர் 2 லட்சம் இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது. அந்த எண்ணை நெருங்கும் பாடி உடனே நின்றுவிடாது என்றாலும் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும். பில், பெட்டி, சார்ஜர் சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். கார்டை எடுத்துவிட்டு, வைஃபை கடவுச்சொல்லும் பெயரும் பதிந்திருக்கும் அமைப்புகளை அழித்த பிறகே கைமாற்ற வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தால், தனக்காக எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நல்ல பாடியும், தொழிலாக எடுப்பவருக்கு ஒரே மவுண்டில் இரண்டு பாடிகளும் மிஞ்சும். அதற்கு மேல் ஒன்று இருக்க வேண்டுமானால், அது மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்க வேண்டும். விற்று வரும் தொகையை நல்ல லென்ஸில் போட்டால் படத்தில் அதன் பயன் தெரியும்.