பாய் விரித்த வீடு

எங்களுள் ஒருவரின் தந்தையார் தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவர். வெங்காயமும் மிளகாயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய்விரித்துச் சென்றவர். அவருடைய அண்ணன் ஏறிச் சென்ற தோணி ஒருமுறை திரும்பி வரவில்லை. உடலில்லாமலே அடக்கத் திருப்பலி நடந்தது. அதற்குப் பின் பெரியவர் கடலை விட்டார். தம் பிள்ளைகள் எவரும் கடலில் கால் வைக்கலாகாது என்று ஆணையிட்டார். மீன் தரகு பார்த்துக் கிடைத்த காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கடலை விட்டாரேயன்றிக் கடற்பழக்கம் அவரை விடவில்லை. கிணற்றுக் கயிற்றைக் கூட வலச்சுற்றாகச் சுருட்டித்தான் வைப்பார். மாற்றிச் சுருட்டினால் எங்களை ஏசுவார்.

அவருடைய பேரன், எங்கள் இளைய மகன், செருமனியில் பொறியாளர். அவன் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, மனைவியோடும் ஒன்பது வயது மகளோடும் அதிலேயே குடியேறிவிட்டான் என்ற செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு நாள் சரியாக உலை வைக்கவில்லை. வந்து பாருங்கள் என்று அழைத்தான். 2024 செப்டம்பரில் புறப்பட்டோம். பெட்டியில் செபமாலையும் ஊறுகாய்ப் புட்டியும் இருந்தன. மனத்தில் ஒரு தீர்மானம் இருந்தது: இவர்களைக் கரையேற்றிவிட்டுத்தான் ஊர் திரும்புவது.

படகு நின்றது குரோவாசியா நாட்டின் ஸ்பிளிட் துறைமுகத்தில். இத்தாலிக்கு எதிர்க்கரை இது. இடையில் இருப்பது அதிரியாக் கடல். ஸ்பிளிட்டின் பழைய நகரத்தில் ஒரு பெரும்பகுதி ஓர் அரண்மனைக்குள் அடங்கியிருக்கிறது. உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் ஓய்வு பெற்று வாழ்வதற்காக 305ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த அரண்மனை அது. கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வதைத்தவன் அவன். அவனது வேதகலாபனையில் உயிர்நீத்த ஆயர் புனித தோம்னியுசின் பெயரால் விளங்கும் பேராலயம், அவ்வரசன் தனக்கென்று கட்டிய கல்லறை மண்டபத்திலேயே அமைந்துள்ளது. அரசனின் கற்பேழை எங்கே போயிற்றோ தெரியவில்லை. மறைசாட்சியின் எலும்புகளுக்கு முன்னே மக்கள் மண்டியிடுகின்றனர். அங்கே பயணத்திற்காக வேண்டிக்கொண்டு படகில் ஏறினோம்.

படகின் நீளம் 11 மீட்டர். எங்கள் ஊர் வீட்டின் தாழ்வாரம் அதைவிட நீளம். உள்ளே மூன்று படிகள் இறங்கினால் சமையலிடம், மேசை, இருபுறமும் நீள்பலகைகள். பகலில் அமரும் பலகை இரவில் படுக்கை. முன்பக்கம் முக்கோண அறை ஒன்று; அதை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். படுத்தால் காதுக்கு ஒரு சாண் தொலைவில் கடல் பேசிக்கொண்டே இருந்தது. முதல் இரவு எங்களுக்கு உறக்கமில்லை. மூன்றாம் இரவு அந்தப் பேச்சில்லாமல் உறக்கம் வராது போலாயிற்று.

வீட்டு விதிகளைக் கற்பித்தவள் பேத்தி. எதையேனும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்கக் கூடாது. மேசை மேல் எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. தொட்டியில் இருப்பது 300 லிட்டர் நல்ல தண்ணீர்; ஐந்து பேருக்கு ஒரு வாரம் வரவேண்டும். ஆகவே கடலில் குளித்து, இறுதியில் ஒரு செம்பு நல்ல நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அரிசி களைவது கடல்நீரில். கடைசி அலசல் மட்டும் நல்ல நீரில். அடுப்பு இரு பக்கமும் ஊஞ்சல் போலத் தொங்கவிடப்பட்டிருக்கிறது. படகு எப்பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு நிமிர்ந்தே நிற்கும், கஞ்சிப்பானை தளும்பாது. இதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம் என்றால் நம்புவீர்களா? மின்சாரம் மேல்தளத்துச் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. வெயில் இல்லாத நாளில் குளிர்பெட்டியை நிறுத்திவிடுகிறார்கள். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மருமகள் பாடம் நடத்துகிறாள். அப்போது படகு எங்கே இருந்தாலும் அது பள்ளிக்கூடந்தான்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் கோபித்துக்கொண்டு எழுந்து போக இடமில்லை. இரண்டாம் நாள் ஒரு கயிற்றைத் தவறாக அவிழ்த்ததற்காக மகனுக்கும் மருமகளுக்கும் கடுஞ்சொல் எழுந்தது. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். ஆனால் அடுத்த பத்தாம் நிமிடம் பாய் மாற்ற வேண்டியிருந்தது. ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் கயிறு இழுக்காமல் அது நடவாது. மனத்தாங்கலோடு இழுக்கத் தொடங்கிய கைகள், இழுத்து முடிக்கையில் சமாதானமாயிருந்தன. மதிய உணவின்போது இருவரும் சிரித்துப் பேசினார்கள்.

காற்றைப் பற்றியே அந்தக் கரையோரத்தார் நாள்தோறும் பேசுகின்றனர். மூன்று காற்றுகள் முக்கியமானவை. கோடையில் முற்பகல் எழுந்து மாலையில் அடங்கும் வடமேல் காற்று மாயேஸ்த்ரால், பயணிக்கு நண்பன். தென்கிழக்கிலிருந்து ஈரத்தையும் மேகத்தையும் சுமந்து நாட்கணக்கில் வளரும் காற்று யூகோ. அது வீசும் நாளில் பழைய துப்ரோவ்னிக் குடியரசின் மன்றத்தார் பெரிய முடிவு எதுவும் எடுக்கமாட்டார்களாம். மூன்றாவது பூரா. வடகிழக்கில் மலைமேல் தேங்கிய குளிர்காற்று, கடலை நோக்கிச் சரிவில் விழுந்து வருவது. வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று அறையும். எங்கள் தோணிக்காரர் மொழியில் வாடைக்கொண்டல் என்று சொல்லத்தக்க திசை அது. பெரியவரின் அண்ணனைக் கொண்டுபோனதும் வாடைக்காலந்தான்.

ஹ்வார் தீவில் ஒருநாள் தங்கிக் கோர்ச்சுலா சேர்ந்தோம். கல்தச்சர்களின் ஊர், புனித மாற்கு பேராலயத்தின் வாயிற்சிற்பங்கள் காணத்தக்கவை. மார்க்கோ போலோ தங்கள் ஊரில் பிறந்தவர் என்று அவ்வூரார் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆய்வாளர்கள் ஒப்பவில்லை. எங்கள் பக்கத்துக் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் எழுதிவைத்தவர் அல்லவா, எங்கே பிறந்திருந்தால் என்ன என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஞாயிறு திருப்பலி குரோவாசிய மொழியில் நடந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. எந்த இடத்தில் எழுவது, எந்த இடத்தில் மண்டியிடுவது என்பதில் மட்டும் ஐயம் எழவில்லை.

அடுத்தது மில்யெட் தீவு. காடு மூடிய நீண்ட தீவு. அதன் ஏரிக்குள் ஒரு குட்டித் தீவும், அதில் 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய பெனதிக்து சபைத் துறவுமடமும் உள்ளன. புனித பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மெலித்தா இதுவே என்று இத்தீவினர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அக்காலத்தில் அதிரியாக் கடல் என்ற பெயர் இன்னும் பரந்த கடலுக்கு வழங்கியதால், அறிஞர் பெரும்பாலோர் மால்ட்டாவையே குறிப்பிடுகின்றனர். அன்று மாலை செபமாலை முடிந்ததும் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைப் படித்தோம். கப்பலில் 276 பேர். ஆழம் அளந்து பார்த்தது. பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு விடியலுக்காக ஏங்கியது. கோவிலில் எத்தனையோ முறை கேட்ட அதிகாரந்தான். நங்கூரத்தில் தொங்கிக்கொண்டே படித்ததில்லை.

படித்து முடித்ததும் மகன் மேலே போய் நெடுநேரம் நின்றான். எதிர்க்கரையில் பெலியெசாட்ஸ் மலைமுகட்டின்மேல் வெண்பஞ்சுத் தலைப்பாகை போல் மேகம் கட்டியிருந்தது. வானொலி அறிவிப்பைக் கேட்டான். நீரின் ஆழம் 8 மீட்டர். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கமாதலால் 40 மீட்டர் விட்டிருந்தான். இன்னும் 20 மீட்டர் இறக்கினான்.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் பூரா வந்தது. தூரத்தில் இரைச்சல் கேட்டது. அடுத்த நொடி படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விண்மீன்கள் தெளிவாக ஒளிர்ந்தன. அவற்றின் கீழே கடல் வெண்புகையாகக் கிளம்பிப் பறந்தது. காற்றளவி 40 கடல்மைல் காட்டியது. குடாவில் நின்ற மற்றொரு படகின் நங்கூரம் பிடிவிட்டு, அது எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. அதில் விழித்திருந்தவர் எவருமில்லை. மகன் ஊதுகுழலை ஊதிக்கொண்டே முன்னே ஓடினான். மருமகள் இயந்திரத்தை முடுக்கிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அத்தை, மிதவைகளைப் பிடியுங்கள்" என்றாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ரப்பர் மிதவையைப் பற்றிக்கொண்டு படகின் ஓரத்தில் மண்டியிட்டோம். வாய் மங்கள வார்த்தை செபத்தைப் பாதியிலேயே திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தப் படகு இரண்டு முழ இடைவெளியில் எங்களைக் கடந்து போயிற்று. அதன் பின்னரே அதில் விளக்கு எரிந்தது; இயந்திரம் இயங்கியது. விடியும்வரை மகனும் மருமகளும் மாறி மாறிக் காவல் இருந்தனர். பேத்தி விழிக்கவே இல்லை.

காலையில் கடல் ஒன்றும் அறியாதது போல் நீலமாகக் கிடந்தது. எங்களுக்குள்ளேயோ கருத்து இரண்டாகிவிட்டது. பெரியவர் ஆணையிட்டது இதற்காகத்தானே, இன்றே சொல்லிவிட வேண்டும் என்பது ஒரு பக்கம். மேகத்தைப் பார்த்து முன்னமே சங்கிலி இறக்கியவனிடம் போய் என்ன சொல்வது என்பது மற்றொரு பக்கம். முடிவு காணாமலே துப்ரோவ்னிக்கின் மதில்களைக் கடலிலிருந்து வணங்கிக் கடந்தோம். 1667இல் நிலநடுக்கத்தையும் 1991இல் முற்றுகையையும் தாங்கிய நகரம் அது. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். சவ்தாத் துறையில் கடவுச்சீட்டுகளில் வெளியேறும் முத்திரை பெற்று, மஞ்சள் கொடி ஏற்றி, மொந்தெநேகுரோ நாட்டின் கோத்தோர் வளைகுடாவில் நுழைந்தோம். மஞ்சள் கொடி, உள்ளே வர அனுமதி கேட்கும் அடையாளம். அனுமதி கிட்டும்வரை படகுத்தலைவன் ஒருவனே கரையில் இறங்கலாம். மகன் ஆவணக் கட்டோடு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வளைகுடாவின் உள்வாய் குறுகியது. அதைக் கடந்ததும் செங்குத்தான மலைகளுக்கு நடுவே பெராஸ்ட் என்னும் மாலுமிகளின் சிற்றூர் தெரிகிறது. எதிரே இரு தீவுகள். ஒன்று இயற்கையானது, சைப்பிரஸ் மரங்கள் நிறைந்தது. மற்றது மனிதர் செய்தது. 1452 சூலை 22 அன்று கடற்பாறை ஒன்றின்மேல் அன்னை மரியாவின் படத்தை மீனவச் சகோதரர் இருவர் கண்டெடுத்தனர் என்பது மரபு. அன்றுமுதல் கடலிலிருந்து நலமாகத் திரும்பியவர் ஒவ்வொருவரும் அவ்விடத்தில் கல் போட்டனர். பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி மூழ்கடித்தனர். தலைமுறை தலைமுறையாகப் போட்ட கல்லே தீவாயிற்று. அதன்மேல் 17ஆம் நூற்றாண்டுக் கோவில், பாறை அன்னை ஆலயம், நிற்கிறது. இன்றும் ஆண்டுதோறும் சூலை 22 மாலையில் படகுகளை ஒன்றோடொன்று கட்டி வரிசையாகச் சென்று கல் போடுகிறார்கள்.

உள்ளே அவ்வூர் ஓவியர் திரிப்போ கோக்கொல்யா தீட்டிய ஓவியங்கள் சுவரையும் விதானத்தையும் நிரப்பியுள்ளன. எங்கள் கண் சென்றது சுவரோரம் நீண்டு ஓடும் வெள்ளித் தகடுகளின்மேல். புயலில் தப்பிய மாலுமிகளின் நேர்ச்சைக் காணிக்கைகள், சுமார் 2,500. பாய் கிழிந்த கப்பல்கள், மலைபோன்ற அலைகள், மேகத்தில் அன்னை. பனிமய மாதாவை வணங்கிவிட்டுத் தோணியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அதை எவரும் விளக்கத் தேவையில்லை. திரும்பி வந்தவர்களின் தகடுகள் மட்டுமே அங்கே இருந்தன.

கோவிலை அடுத்த காட்சியகத்தில் ஒரு பூத்தையல் உள்ளது. யசிந்தா குனிச் என்னும் பெராஸ்ட்டுப் பெண் கடலோடிய தன் கணவனுக்காகக் காத்திருந்த காலத்தில், 25 ஆண்டுகள் தைத்தது என்கிறார்கள். அன்னையையும் குழந்தையையும் சூழ்ந்த வானதூதர்களின் தலைமுடிக்குத் தன் கூந்தலையே இழையாக்கினாளாம். தொடக்கத்தில் தைத்த முடி கருமை. இறுதியில் தைத்தது வெண்மை. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். தோணி பிந்திய நாட்களில் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்து கொண்டிருப்பார். அவருக்கு ஊசியில்லை, செபமாலை இருந்தது.

மருமகள் அருகில் நின்றாள். அங்கேதான் கேட்டோம்: "உனக்குப் பயமாக இல்லையா, அம்மா?"

"இருக்கிறது, அத்தை. அன்று இரவு கை நடுங்கியது," என்றாள். "செருமனியில் அவர் வேலை முடிந்து வரும்போது பிள்ளை உறங்கிப்போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அப்பாவைப் பார்ப்பாள். அப்போது நான் இந்த அம்மாளைப் போலக் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது காத்திருக்கவில்லை, கூட இருக்கிறேன்." சிறிது நேரம் தையலைப் பார்த்துவிட்டுத் தானே சொன்னாள்: "என்றென்றைக்கும் இப்படி இருக்க முடியாதென்று எங்களுக்கும் தெரியும். வருகிற கோடையோடு விடுப்பு முடிகிறது. அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும்."

நாங்கள் கொண்டுவந்த தீர்மானத்தை எடுத்துச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. இரண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றினோம். ஒன்று இவர்களுக்கு, மற்றது, பெயர் சொல்லித் திருப்பலி வைக்கக்கூட இப்போது எவரும் இல்லாத பெரியவரின் அண்ணனுக்கு.

மறுநாள் பெராஸ்ட் படகுத்துறையில் எங்களை இறக்கிவிட்டார்கள். விமான நிலையம் செல்லும் வண்டிக்காகச் சாலையோரம் நின்றோம். பேத்தி துறைக்கல்லிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு படகில் தாவினாள். பின்பு அதைச் சுருட்டத் தொடங்கினாள். வலச்சுற்றாக, ஒரே அளவாக.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கரையிலிருந்து கூவினோம்.

"அப்பா!"

அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஊர்க் கிணற்றடியில் அவன் பாட்டனாரோடு நின்றது அவனுடைய ஐந்து, ஆறு வயதில். அதைக் கேட்பதற்குள் படகு விலகிவிட்டது. எங்கள் வண்டியும் வந்தது.