ஆட்டுக் காதில் ஓர் ஆபிரிக்கப் பெயர்

பாசிக்குடாவைப் பற்றி எழுதப் புகுவோர் இடுப்பளவு ஆழத்தில் நெடுந்தூரம் நடந்து செல்லக்கூடிய கடலையும் விடுதிகளையும் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். கடற்கரையை முதுகுக்குப் பின்னால் விட்டு வாழைச்சேனைப் பக்கம் வந்தால் வழியெங்கும் ஆடுகள். அதற்கும் அப்பால் படுவான்கரையில் மாட்டுப்பட்டிகள். பட்டியடியில் ஆட்டின் காதுமடலைத் திருப்பி உண்ணி பிடுங்கி, மண்ணெண்ணெய் விட்ட சிரட்டையில் போடுவது எங்கள் பகுதியில் சிறுவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. உண்ணி என்றால் எமக்கு இரத்தம் குடிக்கும் பூச்சி, அவ்வளவுதான். அது பூச்சியினமே அன்று, எட்டுக் கால் கொண்ட சிலந்தியின் உறவு என்பதைப் பின்னாளில் ஒரு மிருக வைத்தியர் சொல்லக் கேட்டேன்.

அந்தச் சிரட்டைக்குள் உலக விஞ்ஞானமும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறது. 1996 இல் வெப்பவலய மருத்துவ இதழொன்றில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. இலங்கையில் சேகரிக்கப்பட்ட ஹீமாபைசாலிஸ் இன்டர்மீடியா என்னும் உண்ணியிலிருந்து ‘நைரோபிச் செம்மறி நோய்’ வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது என்பது அதன் சாரம். எழுதியவர்களுள் ஒருவர் மலிக் பீரிஸ். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிப் பின் ஹொங்கொங் சென்று, 2003 இல் சார்ஸ் நோயின் வைரஸைக் கண்டறிந்த குழுவில் முன்னின்ற அதே பீரிஸ்தான். சார்ஸ் காலத்தில் அவர் பெயரைத் தலைப்பில் போட்டு மகிழ்ந்த எம் பத்திரிகைகளில், இந்த உண்ணிக் கட்டுரை பற்றி ஒரு வரியையும் நான் கண்டதில்லை. ஆடு வளர்ப்பவனுக்கு எது நெருக்கமான செய்தி என்று எவரும் கேட்கவுமில்லை.

நைரோபிக்கும் நம் தீவின் உண்ணிக்கும் என்ன தொடர்பு? 1910 இல் கென்யாவில் நைரோபியைச் சுற்றிய பகுதிகளில் செம்மறிகள் கூட்டமாக மடிந்தன. அந்நோய்க்கு ஊரின் பெயரே நிலைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்த பின், 1954 அளவில், ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் பின்னங்கால் விளங்காமற்போன ஆடுகளில் பொறுக்கிய உண்ணிகளிலிருந்து பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையம் ஒரு வைரஸைப் பிரித்து, ‘கஞ்சம் வைரஸ்’ என்று பெயரிட்டது. றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு 1952 இல் தொடங்கப்பட்ட அந்நிலையமே இன்றைய தேசிய வைரஸியல் நிறுவனம்.

அக்காலத்து முறையை அறிந்தால் வியப்பாக இருக்கும். பொறுக்கிய உண்ணிகளை இனம் பிரித்து, கூட்டங்கூட்டமாக உரலில் அரைத்து, தெளிந்த நீரைப் பிறந்து ஓரிரு நாளான எலிக்குஞ்சுகளின் மூளையில் ஊசியால் ஏற்றுவார்கள். குஞ்சு நோயுற்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது என்ன? ஏற்கெனவே அறிந்த வைரஸ்களுக்கு எதிரான ஊநீர்களை ஒவ்வொன்றாகக் கலந்து பார்ப்பார்கள். எதனோடும் ஒட்டாவிட்டால் அது புதியது. உண்ணி கிடைத்த ஊரின் பெயர் அதற்குப் போய்விடும். காட்டிக்கொடுப்பவரைக் கொண்டு அணிவகுப்பு நடத்திச் சந்தேகநபரை அடையாளம் காணும் நம் பொலிஸ் முறையை ஒத்தது இது. கையில் இல்லாத ஊநீரால் எவரையும் அடையாளம் காட்ட முடியாது.

அதனாற்றான் ஒரே ஆள் இரு பெயரில் உலவினான். 1970களின் இறுதியில் ஊநீர்ச் சோதனைகள் கஞ்சமும் நைரோபியும் ஒன்றோ என்ற ஐயத்தை எழுப்பின. 2002 இல் மரபணுத் தொடரை ஒப்பிட்ட ஆய்வு அதை உறுதிசெய்தது. ஆபிரிக்காவில் ஓர் உண்ணியினம், தெற்காசியாவில் வேறோர் இனம். உள்ளே குடியிருப்பது ஒன்றே. இந்து சமுத்திரத்தின் பழைய ஆட்டு வாணிபம் இதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. எத்திசையில் என்பது வேறு கேள்வி. முதலில் விவரிக்கப்பட்ட இடத்தின் பெயர் நின்றுவிடுவதால், தொடங்கிய இடம் அதுவே என்று ஆகிவிடாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொரு குறிப்பு. பூனாவின் வானவ்ரிப் பகுதியில் செம்மறி உண்ணியில் கிடைத்ததால் ‘வானவ்ரி’ எனப் பெயர் பெற்ற வைரஸ், இலங்கையில் காய்ச்சலால் இறந்த 17 வயதுப் பெண்ணொருத்தியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாக 1976 இல் ஒரு கட்டுரை வந்தது. அவ்வைரஸ் எக்குழுவிலும் பொருந்தாமல் நெடுங்காலம் தனியாகவே பட்டியலில் கிடந்தது. ‘காரணம் தெரியாக் காய்ச்சல்’ என்று எத்தனை மரணச் செய்திகளை நான் எழுதியிருப்பேன்! அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்திருக்கக்கூடும். நாம் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவதும் பெரும்பாலும் வைரஸ் அன்று. றிக்கெற்சியா போன்ற பக்டீரியாக்களால் வருவது, டொக்சிசைக்கிளின் மாத்திரைக்குக் கட்டுப்படுவது. வைரஸாயின் அம்மாத்திரை பயன்படாது. வகைப்படுத்தல் அறிஞர்களின் பொழுதுபோக்கென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்று எலிக்குஞ்சு தேவையில்லை. உண்ணியை அரைத்து, அதிலுள்ள ஆர்.என்.ஏ. முழுவதையும் இயந்திரத்தில் வாசித்துவிடுகிறார்கள். 2015 இல் சீனாவில் உண்ணி, கொசு முதலிய 70 இனங்களை இவ்வாறு ஆராய்ந்து 112 புதிய வைரஸ்களைப் பட்டியலிட்டார்கள். வளர்த்துப் பாராமல், தொடரை மட்டும் கொண்டே ஒரு வைரஸைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று சர்வதேச வகைப்பாட்டுக் குழுவும் 2017 இல் ஏற்றுக்கொண்டது. இதில் எனக்கொரு தயக்கம் உண்டு. பெயர்கள் பெருகுகின்றன, அவற்றுள் எது மனிதனை வீழ்த்தும், எது உண்ணியின் உடலில் வெறுமனே குடியிருப்பது என்பதை எழுத்துத் தொடர் தானாகச் சொல்வதில்லை. அதற்கு மீண்டும் நோயாளியிடமும் பட்டியடிக்கும் போக வேண்டும்.

1957 இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மஞ்சட் காய்ச்சல் ஆசியாவுக்குள் வந்துவிட்டதோ என்று அஞ்சி ஓடிய பூனா ஆய்வாளர்கள் கண்டது உண்ணி பரப்பும் புதியதொரு வைரஸை. அண்மைய ஆண்டுகளில் அது நீலகிரி வரை தலைகாட்டியிருக்கிறது. பழைய தடுப்பூசியும் வலுவிழந்து 2022 இல் கைவிடப்பட்டது. அதைப் பரப்பும் உண்ணியினம் நம் தீவிலும் உண்டு, மந்திகளும் உண்டு. காட்டோரத்தில் குரங்கு செத்துக் கிடப்பதாக ஊரவர் தொலைபேசியில் சொன்னால் அதை எந்தப் பக்கத்தில் போடுவது என்று இளம் நிருபர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். “தம்பி, முதலில் மிருக வைத்தியருக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கோ; பக்கத்தைப் பிறகு பாப்பம்” என்றேன்.