ஒல்லி அப்பாவுக்கு எப்படி சுகர்?

அப்பா 61 கிலோதான். மணவாள நகரிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கு சைக்கிளில்தான் போவார். அவருக்கு சுகர் என்றதும் தெருவில் யாரும் நம்பவில்லை. "குண்டா இருக்கிறவங்களுக்குத்தானேடா வரும்?"

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன். எதை அளக்கிறோம் என்பதுதான் எங்கள் பாடமே. எடை மிஷின் எடையைச் சொல்லும். அதில் கொழுப்பு எவ்வளவு, எங்கே இருக்கு என்று சொல்லாது. 2004இல் லான்செட் இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2!

கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை பாஸ். லெப்டின், அடிபோனெக்டின் என்று ஹார்மோன்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கொழுப்பு செல்கள் உப்ப உப்ப லெப்டின் ஏறும். இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிபோனெக்டின் இறங்கும். கொழுப்பிலேயே இதை அளக்க, தொப்புள் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் அதிகம் தொல்லை தருவது குடலைச் சுற்றியிருக்கிற கொழுப்பு. அதை எடுக்க ஏதாவது ஆபரேஷன் நடக்கும்போதுதான் முடியும். சென்சாரை வைக்க வேண்டிய இடத்தில் வைக்க முடியாத கேஸ்! அதனால் பெரும்பாலும் ரத்தத்திலேயே அளந்துவிடுகிறார்கள்.

வீட்டில் நமக்கு இருப்பது டெய்லர் டேப். இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கணும், பெண்களுக்கு 80. அப்பாவுக்கு 94. எனக்கு இப்பவே 87. அம்மா டேப்பைப் பார்த்தாலே சமையலறைக்குள் போய்விடுகிறார்.