உதவி உண்டு, பெயர் சொன்னால்

200 பேருக்கு ஒரே கடிதம் போக வேண்டும். பெயரும் முகவரியும் மட்டும் மாற வேண்டும். கம்ப்யூட்டர் இதைச் சில நிமிடங்களில் செய்துவிடும் என்று அந்தக் குமாஸ்தாவுக்குத் தெரியும். எப்படி என்பதுதான் தெரியாது. எஃப்1 விசையை அழுத்துகிறார். உதவிப் பக்கம் திறக்கிறது. 'பல பேருக்கு ஒரு கடிதம்' என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தேடுகிறார். ஏதேதோ வருகிறது. அவருக்கு வேண்டியதன் பெயர் 'மெயில் மெர்ஜ்'. அந்தப் பெயர் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். கடைசியில் பக்கத்து சீட்காரரைக் கூப்பிடுகிறார்.

இந்தியாவின் எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான். குறை குமாஸ்தாவிடம் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபர்னாஸும் அவரது சகாக்களும் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கம்ப்யூட்டர் கட்டளைகள் முதல் சமையல் குறிப்புகள் வரை பலவற்றுக்கும் ஆட்களைப் பெயர் சொல்லச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு இருவர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. அவர்கள் சொன்ன வழி எளிது: ஒன்றுக்கு ஒரு பெயர் போதாது, மக்கள் வாயில் வரும் பெயர்களையெல்லாம் உள்ளே வையுங்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. திவாகரம் முதல் சூடாமணி வரை நிகண்டுகள் செய்தது இதைத்தானே? யானை என்றால் வேழம், கரி, களிறு என்று அடுக்கிக்கொண்டே போகும். சாஃப்ட்வேர்காரர்களோ அச்சகப் பரிபாஷையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவினால் அது 'விதவை'. முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தனியே நின்றால் 'அநாதை'. இந்த வார்த்தைகளைப் போட்டுத் தேட யாருக்குத் தோன்றும்?

கேட்காமலே உதவும் முயற்சியும் நடந்தது. ஆபீஸ் 97 தொகுப்பில் ஒரு பேப்பர் கிளிப் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வந்து நின்றது. கடிதம் எழுதத் தொடங்கினாலே குறுக்கிட்டது. எரிச்சலடைந்தவர்களே அதிகம். 2001இல் வந்த ஆபீஸ் எக்ஸ்பியில் அதைத் தூங்க வைத்தார்கள். ஆபீஸ் 2007இல் ஆளையே காணோம்.

தமிழில் மெனு வந்தபோது பூட்டு இரட்டிப்பானது. ஃபைல் 'கோப்பு' ஆனது, ஃபான்ட் 'எழுத்துரு', பிரிண்ட் 'அச்சிடு'. நல்ல சொற்கள், இருக்க வேண்டியவை. ஆனால் "ஒரு பிரிண்ட் எடுக்கணும்" என்கிறவர் தேடல் பெட்டியில் பிரிண்ட் என்றுதான் அடிப்பார். அதிலும் ஒருவர் 'பிரிண்ட்', ஒருவர் 'ப்ரின்ட்', இன்னொருவர் 'பிரிண்ட்டு'. அச்சிடு என்ற பக்கத்துக்கு இத்தனை வாசல்களும் வேண்டும். மெனுவை மொழிபெயர்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் அந்தத் தமிழ் யாருக்கும் பயன்படாது.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் வாய்க்கு வந்தபடி கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். மெயில் மெர்ஜ் என்ற பெயரை அதுவே எடுத்துக் கொடுக்கிறது. பெரிய நிம்மதிதான். ஆனால் பழைய உதவிப் பக்கம் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றாவது ஒப்புக்கொள்ளும். இது சில சமயம் இல்லாத மெனுவுக்கும் வழி சொல்கிறது, அதுவும் கொஞ்சமும் தயங்காமல். விஷயம் தெரிந்தவர் சிரித்துவிட்டு வேறு வழி பார்ப்பார். தெரியாதவர், தன் கண்ணுக்குத்தான் தட்டுப்படவில்லை என்று நினைத்து அந்த மெனுவைத் தேடிக்கொண்டிருப்பார்.