நுவரெலியாவில் ஒரு வெந்நீர்த் தொட்டி

றம்பொடை நீர்வீழ்ச்சியைத் தாண்டியதுமே பிள்ளைகள் ஸ்வெட்டரைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரமல்லவா! கிரகரி வாவிக்கு மேலே நாங்கள் வாடகைக்கு எடுத்த பங்களாவின் பெருமையே பின்முற்றத்திலிருந்த வெந்நீர்த் தொட்டிதான். ஐந்து மாதக் கர்ப்பிணியான ராத்தாவின் மகள், இடுப்பு வலிக்கு அதில் இருக்கலாமென்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கைவைத்துப் பார்த்தால் பச்சைத் தண்ணீர். "ஹீற்றர் பழுதம்மா, கண்டியிலிருந்து ஆள் வரவேணும்" என்றார் காவலாளி. தண்ணீர் மோட்டர் திருத்தும் எங்கள் நானா நம்பவில்லை. மூடி ஒரு மூலையில் கிடந்தது. சூட்டில் பெரும்பகுதி மேற்பரப்பு வழியாகத்தான் போகும். நீர்மட்டம் இறங்கி, பம்ப் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பில்டரைக் கழற்றினால் மடிப்புக்கு மடிப்பு எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும்! தண்ணீர் ஓட்டம் குறைந்தால், கருகிப் போகாமலிருக்க ஹீற்றர் தானாகவே நின்றுவிடுமாம். நானா பில்டரைக் கழுவிப் பூட்டி, தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டார். விடிய எழும்பிப் பார்த்தால் ஆவி பறந்தது.

பிள்ளைகள் துவாயோடு ஓடினார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை. மருந்து கூடிவிட்டதென்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் வியர்வையோடும் அழுக்கோடும் கலந்து வலுவிழந்த குளோரின்தான் அப்படி நாறும். மேலே நுரை வேறு. தலையில் தேங்காயெண்ணெயோடும், சோப்புத் தூள் சரியாக அலசாத உடுப்போடும் இறங்கினால் நுரைக்காமல் என்ன செய்யும்? உடுப்போடு குளிக்கும் நாம், முதலில் உடம்பைக் கழுவி, உடுப்பையும் வெறும் தண்ணீரில் இன்னொருமுறை அலசிக்கொள்ள வேண்டும்.

உட்சுவரைத் தடவினேன். பாசிபோல் வழுக்கியது. அந்த வழுவழுப்புக்குள் இருக்கும் கிருமிகள் குளோரினுக்கு இலேசில் சாவதில்லை. தோலில் சிவந்த கொப்புளங்களைக் கிளப்புபவையும் அவற்றில் உண்டு. இத்தகைய தொட்டியில் பத்து இலட்சம் பங்கு நீருக்குக் குறைந்தது 3 பங்கு குளோரின் நிற்க வேண்டும். அதை நிறம் காட்டிச் சொல்லும் சோதனைத் தாள் காவலாளியிடம் ஒன்றுகூட இல்லை.

"எல்லாத் தண்ணீரையும் திறந்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்" என்றேன். பிள்ளைகளின் முகம் வாடியது. மகளோ பகல்வரை என்னோடு பேசவில்லை. சுத்தமான நீரானாலும், 40 பாகைச் சூட்டில் கர்ப்பிணிகள் ஊறியிருப்பது சிசுவுக்கு ஆகாதென்று வைத்தியர்கள் சொல்வதை ராத்தாதான் அவளுக்கு விளங்கப்படுத்தினாள்.

பின்னேரம் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கால்களை அதில் வைத்துக்கொண்டு, வாவியைப் பனி மூடுவதைப் பார்த்தபடி, "சாச்சி, கொஞ்சம் தேத்தண்ணீர்" என்றாள்.