பனிக்குக் கீழே

நான் தமிழ் கற்பிக்கும் பள்ளிக்கூடத்தின் நூலக அறையில் ஒரு நிழற்படம் தொங்குகிறது. மலைச்சரிவு ஒன்றில் தேயிலை நிரைகள் அலையலையாக இறங்குகின்றன. அவை இறங்கி முடியும் இடத்தில் வெண்பனி ஏரிபோலத் தேங்கி நிற்கிறது. அப்பால் நீல மலைகள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், அதிபர் சட்டம் போட்டு மாட்டினார். படத்தை எடுத்தவன் நான். அதைப் பற்றிச் சில உண்மைகளைச் சொல்ல வேண்டிய கடமை இப்போது எனக்கு ஏற்பட்டிருக்கிறது.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில், வார விடுமுறை ஒன்றில், மோட்டார் சைக்கிளில் தனியாகப் புறப்பட்டேன். அது பொருளாதார நெருக்கடிக் காலம். மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்பது அப்போதைய பங்கீடு. இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்ப் பெற்றோலை மிச்சம் பிடித்தேன். கமரா நண்பர் ஒருவரிடம் வாங்கிய இரவல். அட்டனிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் மலைநாட்டின் எழிலைப் படம்பிடிக்க வேண்டும், அதிலே மனித முகம் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆண்டு முழுவதும் நாற்பது முகங்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவனுக்கு அப்படி ஓர் ஆசை எழுவது பெருங்குற்றமன்று என்றே அப்போது நினைத்தேன்.

முதல் நாள் போகவந்தலாவைக்குச் சென்றேன். அங்கே புனித மரியாள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், கணவரின் அருகே, ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் துயில்கிறார். இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் போன்றோரின் முகங்களைப் படமாக்கி உலகப் புகழ் பெற்றவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமானார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் இங்கே கோப்பித் தோட்டங்களை உடையவர். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களில் நாம் படிக்கும் அதே கமரன்தான். அம்மையார் இந்நாட்டில் எடுத்த படங்களுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றுட் பல எளிய உழைப்பாளிகளின் முகங்கள். அழகும் கண்ணியமும் நிறைந்த படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் டார்வினின் முகத்துக்குக் கீழே டார்வினின் பெயர் இருக்கிறது. இந்த முகங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. அன்று இது எனக்கு ஒரு செய்தியாக மட்டுமே பட்டது. கல்லறையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரவைத் தலவாக்கலையில் ஒரு நண்பர் வீட்டில் கழித்துவிட்டு, மறுநாள் விடியுமுன் கிளம்பினேன். நானுஓயாவை நோக்கி வீதி வளைந்தேறும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினேன். நூலக அறையில் தொங்கும் படம் அங்கே எடுக்கப்பட்டதுதான்.

சரிவின் அடியில் ஒரு லயம் இருந்தது. துருவேறிய தகரக் கூரை. ஒழுகும் இடங்களில் நீலப் பிளாஸ்டிக் விரிப்பு. காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் கூரைமேல் கற்களும் பழைய டயர்களும். கமராவின் கண் வழியே பார்த்தபோது, அந்தக் கூரை படத்தைக் கெடுப்பதாக எனக்குத் தோன்றியது. பள்ளத்தில் பனி அசைந்துகொண்டிருந்தது. அது மேலேறி வரட்டும், கூரையை மூடட்டும் என்று காத்து நின்றேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கீழே ஒரு குழந்தை இருமுவது கேட்டது. யாரோ அடுப்பு மூட்டிய புகை பனியோடு கலந்தது. பெரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சுக்குரல் ஏறி வந்தது. பனியும் ஏறியது, மூடியது. நான் பொத்தானை அழுத்தினேன்.

நான் பிறந்ததும் அதைப் போன்ற ஒரு லயத்துக் காம்பராவில்தான் என்பதை வாசக நண்பர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலிருந்து படித்துப் பல்கலைக்கழகம் போனவன், கமராவைக் கையில் எடுத்ததும் முதற்காரியமாக லயத்தை மறைத்தான்.

நுவரெலியாவைக் கடந்து, அம்பேவெலவின் புல்வெளிகளைத் தாண்டிப் பட்டிப்பொலவை அடைந்தபோது உச்சிப்பொழுது. ஆயினும் குளிர் விட்டபாடில்லை. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல; கடல்மட்டத்துக்கு மேல் 1,891 மீட்டர். 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, மலையைக் குடைந்து 1893இல் ஹப்புத்தளையை அடைந்தது. தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக நீட்டிய பாதை அது. இன்று உலகெங்குமிருந்து பயணிகள் வந்து அதன் எழிலைப் படமெடுக்கிறார்கள். நானும் பெயர்ப்பலகையை, தண்டவாளத்தை, தைல மரங்களுக்கிடையே நுழையும் பனியை எடுத்தேன்.

நிலையத்துக்கு அருகே தேநீர்க் கடையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதைக் கடந்த வயது. தோட்டத்தில் பேர் வெட்டிய பிறகு, இங்கே மரக்கறித் தோட்டமொன்றில் நாட்கூலி. சிறிது நேரம் என்னைக் கவனித்துவிட்டுக் கேட்டார்:

"என்னா தம்பி, மலையத்தான் எடுப்பீங்களா? மனுசன எடுக்க மாட்டீங்களா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை.

"என்னைய ஒன்னு எடுங்க. எம்புட்டுக் காசு ஆகும்?"

காசு வேண்டாமென்றேன். அவர் வியப்போடு சொன்னார்: "நான் படம் புடிச்சதெல்லாம் கந்தோருக்குத்தான் தம்பி. பிரஜாவுரிமைக்கு ஒன்னு, அடையாள அட்டைக்கு ஒன்னு. எங்க அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போறப்ப, டவுன்ல ஸ்டூடியோவில எல்லாரும் நின்னு ஒன்னு புடிச்சோம். அது எங்க போச்சோ தெரியல."

அந்தச் சில வார்த்தைகளில் எங்கள் மக்களின் வரலாறே அடங்கியிருந்தது. 1947இல் பாராளுமன்றத்துக்கு ஏழு பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். எஞ்சியிருந்தோருக்கு முழுமையாக வழிசெய்யும் சட்டம் வர 2003 ஆயிற்று. மற்றவர் வீடுகளுக்குக் கல்யாணத்தோடும் பிள்ளைப்பேற்றோடும் வந்த நிழற்படம், எங்கள் காம்பராக்களுக்கு விண்ணப்பப் படிவத்தோடும் பிரிவோடும் வந்தது.

முதியவரைப் படமெடுத்தேன். முகவரியையும் எழுதிக்கொண்டேன். பனிப்படம் அச்சாகிச் சட்டமேறியது. அவருடைய படம் கணினியிலேயே கிடந்தது. அனுப்ப வேண்டும், அனுப்ப வேண்டும் என்றே மூன்று ஆண்டுகள் கழிந்தன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைகள் சரிந்தன, வீதிகள் போயின, புகையிரதப் பாதை துண்டுதுண்டாயிற்று. பள்ளிக்கூடம் மீண்டும் கூடிய சில நாட்களில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நூலக அறையில் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நிற்பதைக் கண்டேன்.

"சேர், இது எங்க மலைதானே?"

"ஆமாம்."

"எங்க லயம் இதுக்குக் கீழதான் சேர் இருந்துச்சு. பனியில்லாம எடுத்த படம் ஏதும் இருக்கா?"

அந்த இரவில் அவர்கள் கோயிலுக்கு ஓடிவந்து உயிர் தப்பினார்கள். மண் லயத்தைக் கொண்டுபோயிற்று. உடுப்பு, புத்தகம், பாட்டியின் படம் எல்லாம் போயின. தாங்கள் வாழ்ந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஒவ்வோர் ஆண்டும் அவ்வகுப்புக்கு நான் திணையைக் கற்பிக்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழ்வனவும் விளைவனவும் கருப்பொருள். மனித வாழ்வின் உணர்வே உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். உரிப்பொருள் இல்லாமல் குறிஞ்சி இல்லை என்று அழுத்திச் சொல்கிறேன். அதே கையால்தான் மனிதரை நீக்கிய மலையொன்றைச் சட்டமிட்டு மாட்டினேன்.

நீக்கியதாக நினைத்தேன் என்பதே சரி. தேயிலை இயல்பில் மரமாக ஓங்கி வளர்வது. சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்து வெட்டி அதை இடுப்புயரத்தில் நிறுத்துகிறார்கள். வாரந்தோறும் கொழுந்து பறிக்கும் பெண் மட்டக்கம்பை வைத்துப் பார்த்துப் பறிப்பதனாலேயே செடியின் தலை சமமாயிருக்கிறது. பயணிகள் பச்சைக் கம்பளம் என்று வியப்பது அந்தச் சமத்தைத்தான். மண் அரிக்காமலிருக்கச் சரிவின் குறுக்கே கான் வெட்டியதும் மனிதக் கைகளே. 1867இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலைநாடெங்கும் பரவியது இந்த மக்களின் உழைப்பால். நான் படமெடுத்த நாட்களில் அந்த உழைப்பின் நாட்கூலி ஆயிரம் ரூபா. என் இரவல் கமராவின் விலை ஏறக்குறைய ஒரு தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளம்.

படத்தைக் கழற்றிவிடத்தான் முதலில் நினைத்தேன். பின்பு வேறுவிதமாக முடிவு செய்தேன். ஒரு வெள்ளைத் தாளை மாணவியிடம் கொடுத்து, படத்தின் கீழே ஒட்டுவதற்குக் குறிப்பு எழுதச் சொன்னேன். அவள் எழுதினாள்: "இந்தப் பனிக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா இருந்தது." 'இருந்தன' என்று வரவேண்டும். தமிழாசிரியன் நான் திருத்தவில்லை. அதன் கீழே காம்பரா வரிசைப்படி குடும்பங்களின் பெயர்களை எழுதிக்கொண்டே போனாள்.

பட்டிப்பொல முதியவரின் படத்தையும் அன்று அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயரை எழுதித் தபாலில் சேர்த்தேன். அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தாளில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. மூன்றாம் காம்பராவில் முன்பு குடியிருந்தவர்களின் பெயர் அவளுக்கு நினைவில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு மறுநாள் காலை, மணியடிக்குமுன் வந்து, அதையும் எழுதிவிட்டு வகுப்புக்குப் போனாள்.